தைராய்டு மாத்திரையும் காலைக் காபியும்: குழந்தைக்குக் காத்திருப்போருக்கு ஒரு விளக்கம்

தைராய்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் 3.8 என்று வருகிறது. பக்கத்திலேயே 'இயல்பு அளவு 0.4 முதல் 4.2 வரை' என்று லேப் அச்சடித்திருக்கிறது. சரி, பிரச்சினை இல்லை என்று நினைத்தால், மகப்பேறு மருத்துவர் 25 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்தால் மாமியார் முட்டைக்கோசை நிறுத்தச் சொல்கிறார். போனில் பேசும் நாத்தனார் அயோடின் உப்பே ஆகாது, இந்துப்பு வாங்கு என்கிறார். மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது, தொடவே தொடாதே என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போய்வரும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடலாம். எதைச் சாப்பிடக் கூடாது என்பதில் நம் வீடுகள் காட்டும் அக்கறையில் பாதிகூட, மாத்திரையை எத்தனை மணிக்கு, எதோடு சேர்த்து விழுங்குகிறோம் என்பதில் இருப்பதில்லை. ரிப்போர்ட்டில் வரும் எண்ணைக் கூட்டிக் குறைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது விஷயம்தான்.

## டிஎஸ்எச் என்பது கடைமடைச் சத்தம்

தைராய்டு, கழுத்தின் முன்பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி. அயோடினைக் கொண்டு டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. அதிகம் சுரப்பது டி4. உடலின் பல பாகங்களில் அது டி3 ஆக மாறி வேலை செய்கிறது. உடல் சூடு, இதயத் துடிப்பு, செரிமானம், மாதவிலக்குச் சுழற்சி என்று இதன் கை படாத இடம் குறைவு.

இந்தச் சுரப்பியை வேலை வாங்குவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. அது அனுப்பும் ஆணைதான் டிஎஸ்எச். பலரும் குழம்புவது இங்கேதான். டிஎஸ்எச் கூடினால் தைராய்டு கூடிவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது.

முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாவிட்டால் விவசாயிகள் சத்தம் போடுகிறார்கள். தண்ணீர் குறையக் குறையச் சத்தம் ஏறும். வாய்க்கால் நிறைந்தால் தானே அடங்கும். டிஎஸ்எச் அந்தச் சத்தம், டி4 அந்தத் தண்ணீர். டிஎஸ்எச் 12 என்றால் சத்தம் பலமாக இருக்கிறது, தண்ணீர் வரவில்லை என்று பொருள். இதுதான் தைராய்டு குறைபாடு, ஹைப்போதைராய்டு. டிஎஸ்எச் சற்றுக் கூடியிருந்து டி4 இன்னும் சரியாகவே இருந்தால் அது ஆரம்பநிலைக் குறைபாடு. சத்தம் போட்டாவது தண்ணீரை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

குறைபாடு ஏன் வருகிறது? ஒரு காலத்தில் அயோடின் பற்றாக்குறை பெரிய காரணமாக இருந்தது. அயோடின் உப்பு பரவிய இடங்களில் இப்போது முதன்மையான காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சுரப்பியையே தாக்குவது. ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ 1912-ல் விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. சுரப்பிக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டி டிபிஓ என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்ற பரிசோதனை இதைக் காட்டும். உணவுப் பேச்சு வரும்போது இந்த வேறுபாடு மறுபடி தேவைப்படும்.

## கரு தங்குவதில் எங்கே தடங்கல்?

1. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் மூளை டிஆர்எச் என்ற தூண்டுபொருளைக் கூடுதலாக அனுப்புகிறது. அது டிஎஸ்எச்சை மட்டும் ஏற்றுவதில்லை. பால் சுரப்புக்கான புரோலாக்டினையும் சேர்த்து ஏற்றிவிடும். புரோலாக்டின் கூடினால் சினைமுட்டை வெளியாவது தடைபடும். புரோலாக்டின் கூடியிருக்கிறது என்று தனி மாத்திரை தொடங்கும் முன் டிஎஸ்எச் பார்த்தாயிற்றா என்று கேட்பது இதனால்தான். தைராய்டைச் சரிசெய்தாலே பலருக்குப் புரோலாக்டின் தானாக இறங்கிவிடும்.

2. மாதவிலக்கு தள்ளிப்போகலாம், அல்லது அதிகமாகப் போகலாம். அதிகம் போனால் ரத்தசோகை. ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை. அந்த மாத்திரை தைராய்டு மாத்திரையை எப்படி மறிக்கிறது என்பது பின்னால் வருகிறது.

3. கரு தங்கிய பிறகும் ஹார்மோன் வேண்டும். முதல் மூன்று மாதம் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது. ஏறத்தாழ 12 வாரத்துக்குப் பிறகுதான் அது சுரக்கத் தொடங்கும். முழு அளவில் கைகொடுக்க 16 முதல் 20 வாரம் ஆகும். அதுவரை குழந்தையின் மூளை வளர்ச்சிக்கான ஹார்மோன் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகத்தான் போக வேண்டும். சிகிச்சை எடுக்காத, வெளிப்படையான குறைபாட்டில் கருச்சிதைவு, குறைப்பிரசவம், கர்ப்பகால ரத்த அழுத்தம் ஆகிய அபாயங்கள் கூடுகின்றன.

இதை எழுதியதும் பயம் வரலாம். ஆனால் சுகப்படுத்த எளிதான தடைகளில் ஒன்று இது. மாத்திரை மலிவானது, பல்லாண்டு அனுபவம் உள்ளது, கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் பாதுகாப்பானது. அதில் இருக்கும் லீவோதைராக்சின், நம் சுரப்பி செய்யும் அதே டி4. அந்நியப் பொருள் எதுவும் உள்ளே போவதில்லை.

இன்னொன்று. தைராய்டு ரிப்போர்ட் கையில் கிடைத்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். கணவரின் விந்தணுப் பரிசோதனை அப்படியே தள்ளிப்போகிறது. அது ஒரே நாளில் முடியும், ஊசிகூடக் கிடையாது. ஆனாலும் மனைவிக்கு நாலு ஸ்கேன் எடுத்த பிறகுதான் அதைப் பற்றிப் பேச்சு எழுகிறது. ஆண்களுக்கும் தைராய்டு குறைபாடு வரும், விந்தணுவையும் பாதிக்கும். இருவரும் ஒரே வாரத்தில் பரிசோதித்துக்கொள்வதுதான் நியாயம், செலவும் மிச்சம்.

## 2.5 சரியா, 4 சரியா?

3.8-க்கு ஒருவர் மாத்திரை தருகிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார். இருவரில் ஒருவர் தப்பு என்று முடிவுகட்டத் தேவையில்லை. எண்ணின் வரலாறு தெரிந்தால் குழப்பம் பாதி தீரும்.

அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் டிஎஸ்எச் 2.5-க்குள் இருக்க வேண்டும் என்றது. உலகெங்கும் மருத்துவர்கள் மனதில் அந்த எண் பதிந்துவிட்டது. பிறகு வந்த ஆய்வுகளில், எந்தக் கோளாறும் இல்லாத கர்ப்பிணிகள் பலருக்கே அது 2.5-ஐத் தாண்டுவது தெரிந்தது. 2017-ல் அதே சங்கம் அளவைத் தளர்த்தியது. அந்தந்த ஊர் மக்களுக்கான அளவு இருந்தால் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஏறத்தாழ 4 வரை மேல்வரம்பு என்றது.

அப்படியானால் 2.5 காலாவதியா? இல்லை. ஆளைப் பொறுத்தது.

1. ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் கருத்தரிக்க முயல்கிறார் என்றால், 2.5-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டுத் தொடங்குவதுதான் இன்றும் இலக்கு. கரு தங்கியதும் தேவை திடீரென்று ஏறும். கையிருப்பு இருந்தால் தாங்கும்.

2. ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) போன்ற சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும், ஆரம்பநிலைக் குறைபாடு இருந்தால் 2.5-க்குள் வைக்கவே மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

3. மாத்திரை எதுவும் சாப்பிடாதவர், டிஎஸ்எச் 2.5-க்கும் 4-க்கும் நடுவில், ஆன்டி டிபிஓ இல்லை. இவருக்கு மாத்திரை அவசியம் என்று சொல்ல வலுவான ஆதாரம் கிடையாது. ஆன்டி டிபிஓ இருந்தால், அதிலும் முன்பு கருச்சிதைவு ஆகியிருந்தால், சிறிய அளவில் கொடுத்துப் பார்ப்பது மருத்துவரின் முடிவு.

4. டிஎஸ்எச் 10-ஐத் தாண்டிவிட்டால் பேச்சே இல்லை. முதலில் மாத்திரை, எண் இறங்கிய பிறகு முயற்சி.

ஆன்டி டிபிஓ இருக்கிறது, ஆனால் டிஎஸ்எச்சும் டி4-ம் சரியாகவே இருக்கின்றன என்ற நிலைக்கு மட்டும் தெளிவான பதில் உண்டு. பிரிட்டனில் கருச்சிதைவோ குழந்தையின்மையோ கண்ட இப்படிப்பட்ட 950-க்கும் மேற்பட்ட பெண்களில், ஒரு பாதிக்கு 50 மைக்ரோகிராம் லீவோதைராக்சினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. குழந்தை பெற்றவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ 37, 38 சதவீதம்தான். அந்த நிலையில் மாத்திரை தனியாக எதையும் கூட்டித் தரவில்லை.

ஆயுசுக்கும் விட முடியாதே என்ற பயத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. மாத்திரைக்கு அடிமையாவது என்று ஒன்று கிடையாது. சுரப்பி நிரந்தரமாகப் பழுதாகியிருந்தால் ஆயுசுக்கும் வேண்டும். கருத்தரிப்புக்காக 25 மைக்ரோகிராம் தொடங்கியவர்களில் பலரும் பிரசவத்துக்குப் பிறகு மருத்துவர் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள்.

## மாத்திரையும் கடிகாரமும்

லீவோதைராக்சின் மைக்ரோகிராம் கணக்கில் வேலை செய்யும் மருந்து. 50 மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமை இருபதாயிரம் பங்காக்கி அதில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அளவில், குடலில் ஏதாவது பிடித்துவைத்துக்கொண்டால் கணிசமான பங்கு ரத்தத்துக்குப் போகாமலே வெளியேறிவிடும். பிடித்துவைக்கும் பொருள்கள் எல்லாம் நம் காலை நேரத்தில்தான் வரிசைகட்டி நிற்கின்றன.

காபி. எழுந்ததும் பல் துலக்கி, டவரா டம்ளரில் ஒரு டிகிரி காபி இல்லாமல் கும்பகோணத்துக்காரருக்குப் பொழுது விடியாது. காபி தைராய்டு மாத்திரையின் உறிஞ்சலைக் குறைக்கும். பாலில் இருக்கும் கால்சியம் இன்னும் கொஞ்சம் குறைக்கும். திக்கான ஃபில்டர் காபியில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. காபியோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, டிஎஸ்எச் இறங்கவில்லையே என்று அளவை 50-லிருந்து 75, 75-லிருந்து 100 என்று ஏற்றிக்கொண்டே போவது வீண் அலைச்சல்.

செய்ய வேண்டியது வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மாத்திரை. அதன் பிறகு குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. அலாரம் வைப்பதைவிட வீட்டு வேலையோடு முடிச்சுப் போட்டுக்கொள்வது நிலைக்கும். வாசல் தெளிக்கப் போகும் முன் மாத்திரை. கோலம் போட்டு, பாத்திரம் ஒழித்துப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்து, பால் காய்வதற்குள் அந்த ஒரு மணி நேரம் தானே ஓடிவிடும். நடவுக்கும் களைக்கும் விடியலில் கிளம்புகிறவர்கள் எழுந்த உடனே போட்டுக்கொண்டால், வயலில் தூக்குவாளி டீ வரும்போது நேரம் தாண்டியிருக்கும். நீராகாரமும் உணவுதான். அதற்கும் இதே இடைவெளி.

இரும்பும் கால்சியமும். கருத்தரிக்க முயல்கிறவர்களுக்கு ஃபோலிக் அமிலம் எழுதித் தருகிறார்கள். நல்லது, கருத்தரிக்கும் முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் தேவை. ஃபோலிக் அமிலம் மட்டும் இருந்தால் தொந்தரவில்லை. ஆனால் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கிடைப்பது பெரும்பாலும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரை. இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் வேண்டும். விடியற்காலை தைராய்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்சியம் என்று பிரித்துவிட்டால் மூன்றும் ஒன்றோடொன்று மோதாது. எல்லா மாத்திரையையும் ஒரே டப்பாவில் கொட்டி ஒரே வாய் தண்ணீரில் முடிப்பதுதான் கூடாது. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் கால்சியம்தான். மதியம் தாம்பூலம் போடுவதில் பாதகமில்லை, காலையில் வேண்டாம்.

வயிற்றெரிச்சல் மருந்து. ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகள் வயிற்று அமிலத்தைக் குறைப்பவை. தைராய்டு மாத்திரை கரைய அந்த அமிலம் வேண்டும். மெடிக்கலில் தானே வாங்கித் தினமும் சாப்பிடுகிறவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

இரவில் போடலாமா? போடலாம். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். எட்டு மணிக்குச் சாப்பிட்டால் பதினொரு மணிக்கு. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் வாங்கிய நெய்ப் பிரசாதத்தைத் தம்பதியர் 48 நாள் இரவு படுக்கும் முன் சாப்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அதைச் செய்கிறவர்கள் மாத்திரையைக் காலைக்கே வைத்துக்கொள்வது சுலபம். சஷ்டி விரத நாளிலும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். தண்ணீரோடு போகிற மருந்துதானே.

சீசா. சூடு, ஈரம், வெளிச்சம் மூன்றும் இந்த மருந்தை வீரியம் இழக்கச் செய்யும். சித்திரை, வைகாசி வெயிலில் ஜன்னல் திண்டிலோ அடுப்பு மேடையிலோ வைக்கக் கூடாது. வேறு டப்பாவுக்கு மாற்றாமல் வந்த சீசாவிலேயே, மூடி இறுக்கி, உள்ளறை அலமாரியில் வைப்பது நல்லது. எல்ட்ராக்சின், தைரோநார்ம் என்று எந்தப் பெயரில் தொடங்கினாலும் அதையே தொடர வேண்டும். கடைக்காரர் வேறு கம்பெனி கொடுத்தால் ஆறு வாரம் கழித்து ஒருமுறை டிஎஸ்எச் பார்க்க வேண்டும்.

பரிசோதனை நாள். இந்த மருந்தின் பாதி உடலைவிட்டுப் போக ஏழு நாள் ஆகும். அதனால் அளவை மாற்றினால் ரத்தத்தில் நிலைபெற ஐந்தாறு வாரம் வேண்டும். பத்தாம் நாளே போய்ப் பரிசோதிப்பது பணத்துக்குக் கேடு. ஒரு நாள் மறந்துவிட்டால் குடி முழுகிவிடாது என்பதும் இதே கணக்குத்தான். அதற்காக வாரத்துக்கு இரண்டு நாள் மறந்தால் எண்ணில் தெரிந்துவிடும். ரத்தம் கொடுக்கும் அன்று கொடுத்த பிறகு மாத்திரை. இன்னொரு கண்ணி: முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஏராளம், தைராய்டு குறைந்தாலும் முடி கொட்டும் என்பதால். பயோட்டின் சில லேப் கருவிகளில் டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். மருந்து அதிகமாகிவிட்டது என்று தப்பாக அளவைக் குறைத்துவிட வாய்ப்புண்டு. பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும்.

## இலையில் என்ன இருக்கலாம்?

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு இனத்துக் காய்களில் அயோடினைச் சுரப்பி பயன்படுத்துவதை மறிக்கும் பொருள்கள் உண்டு. வேகவைத்தால் அவை பெருமளவு அடங்கிவிடும். 2010-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த நிகழ்ச்சி அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 88 வயது மூதாட்டி ஒருவர் சீன முட்டைக்கோஸ் வகை ஒன்றைத் தினம் ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை, பச்சையாக, மாதக் கணக்கில் தின்று தைராய்டு முடங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நம் வீட்டில் வாரம் ஒருநாள் தேங்காய் போட்டு வதக்கும் கோஸ் பொரியலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கம்பு கொஞ்சம் வேறு கதை. கம்பில் இருக்கும் தடுப்புப் பொருள் வேகவைத்தாலும் முழுதாகப் போவதில்லை. ஆனால் சூடானின் டார்ஃபூர் போல, அயோடினும் கிடைக்காமல் கம்பே மூன்று வேளை உணவாக இருந்த இடங்களில்தான் அது கழுத்துக் கழலையாக வெளிப்பட்டது. அரிசிச் சோறு சாப்பிடும் டெல்டாவில் எப்போதாவது குடிக்கும் கம்பங்கூழைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. மீல்மேக்கர், சோயா பால் ஆகியவை மாத்திரை உறிஞ்சலைக் குறைக்கும்; காலையில் தவிர்த்து மதியம் சாப்பிட்டால் போதும். கோதுமையை விடச் சொல்லும் புது யோசனை, சீலியாக் என்ற, கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் நோய் உறுதியானவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

உப்பு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி நடந்துபோய் உப்பு அள்ளிய வேதாரண்யம் இதே டெல்டாவின் கடைக்கோடி. இன்றும் அங்கே உப்பளங்கள் உண்டு. கடலிலிருந்து வருவதால் அயோடின் அதில் இயல்பாகவே இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வெயிலில் காய்ச்சி எடுத்த கடல் உப்பில் தங்கும் அயோடின் மிகச் சொற்பம், சேர்த்தால்தான் உண்டு. கழலை நோயைத் தடுக்க நாடு தழுவிய திட்டம் 1962-ல் தொடங்கியது. மக்கள் நேரடியாகச் சாப்பிட அயோடின் சேர்க்காத உப்பை விற்க 2006-ல் தடை வந்தது. கைக்கு வரும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. பெரியவர்களுக்கு நாளுக்கு 150, கர்ப்பிணிக்கு 250 மைக்ரோகிராம் தேவை.

மூட்டையில் வாங்கும் கல் உப்பிலும் 'இயற்கையானது' என்று விலை கூட்டி விற்கும் இந்துப்பிலும், அயோடின் சேர்த்தது என்று எழுதியிராவிட்டால் அது இருக்காது. கர்ப்பத்துக்குத் தயாராகும் வீட்டில் இந்துப்புக்கு மாறுவது, தேவை ஏறப்போகும் நேரத்தில் வரத்தை நிறுத்துவது போல. கல் உப்புதான் பழக்கம் என்றால் அயோடின் கலந்த கல் உப்பே கிடைக்கிறது. திறந்த மரவையில் ஈரம் படப் போட்டு வைத்தால் அயோடின் குறையும். மூடிய ஜாடியில் வைத்து, குழம்பை இறக்கும் சமயத்தில் சேர்ப்பது நல்லது.

அதே சமயம் ஹஷிமோட்டோ வகையில் அயோடினைக் கூட்டினால் நோய் குணமாகாது. அளவு மீறினால் சுரப்பி மேலும் முடங்கும். கடல்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு என்று ஆன்லைனில் விற்பவற்றைத் தொட வேண்டாம். நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் லீவோதைராக்சினை நிறுத்திவிட்டு அதற்கு மாறுவதுதான் பெரிய ஆபத்து. இல்லாத ஹார்மோனின் இடத்தை எந்தக் கஷாயமும் நிரப்பாது.

மீனைப் பொறுத்தவரை நாகப்பட்டினக் கரையில் வந்திறங்கும் மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்களில் அயோடின், செலினியம் இரண்டும் உண்டு. செலினியம் தைராய்டுக்குத் தேவையான தாது. முட்டையிலும் கிடைக்கும், தனி மாத்திரை அவசியமில்லை. சுறா, பெரிய வஞ்சிரம் போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்வதால் கருத்தரிக்க முயலும்போதும் கர்ப்பத்திலும் குறைப்பது நல்லது. சைவ வீடுகளில் பால், தயிர், அயோடின் உப்பு ஆகியவற்றோடு முருங்கைக்கீரை, பயறு வகை சேர்ந்தால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

## நாள் தள்ளிப்போனதும்

கரு தங்கியது உறுதியானதும் தைராய்டு மாத்திரையின் தேவை 25 முதல் 50 சதவீதம் வரை கூடும். நாலாவது, ஐந்தாவது வாரத்திலேயே இது தொடங்கிவிடும். முதல் செக்கப்புக்கு இரண்டாம் மாதம் கடைசியில் போகிறவர்கள் குழந்தைக்கு மிக முக்கியமான வாரங்களைக் கோட்டைவிடுகிறார்கள். அதனால் வரிசை இப்படி இருக்க வேண்டும்:

1. முயற்சி தொடங்கும் முன்பே, "நாள் தள்ளினால் மாத்திரையை எவ்வளவு கூட்ட வேண்டும்?" என்று மருத்துவரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வழக்கமாகச் சொல்லப்படுவது வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதல். தினம் 50 மைக்ரோகிராம் சாப்பிடுகிறவருக்கு வாரத்துக்கு ஏழு மாத்திரை, 350 மைக்ரோகிராம். அது ஒன்பது ஆனால் 450. சுமார் 29 சதவீதம் உயர்வு. வெள்ளியும் செவ்வாயும் இரண்டிரண்டு என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

2. வீட்டுப் பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்த அன்றே மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள், அந்த வாரமே டிஎஸ்எச் பாருங்கள்.

3. பிறகு நாலு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் மாதம் வரை. அடுத்து முப்பதாவது வாரத்தை ஒட்டி ஒருமுறை. ஏழாம் மாத வளைகாப்பு அந்தச் சமயத்தில்தான் வரும். தேதி குறிக்கும்போதே இதையும் குறித்துவிடலாம்.

4. மசக்கையில் காலை மாத்திரை வாந்தியாகிறது என்றால் இரவு நேரத்துக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். நிறுத்த மட்டும் வேண்டாம்.

முதல் மூன்று மாதத்தில், மாத்திரையே சாப்பிடாத பெண்ணுக்கு டிஎஸ்எச் தானாகக் கொஞ்சம் இறங்கும். கர்ப்ப ஹார்மோனான எச்சிஜி, உருவத்தில் டிஎஸ்எச்சின் சாயல் கொண்டது. அதுவும் சுரப்பியைத் தட்டி எழுப்பும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எண் இறங்கியதைப் பார்த்துவிட்டு அதைத் தாங்களாகக் குறைப்பது தவறு.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும்போது சீசாவும் இதுவரையான ரிப்போர்ட் எல்லாமும் பெட்டியில் இருக்க வேண்டும். தஞ்சாவூரில் பார்த்த மருத்துவர் எழுதிய அளவு திருத்துறைப்பூண்டியில் பார்க்கப்போகும் மருத்துவருக்குத் தானாகத் தெரியாது.

பிரசவமானதும், முன்பிருந்தே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கர்ப்பத்துக்கு முன் சாப்பிட்ட அளவுக்கே திரும்ப வேண்டும். பத்தியம் என்று சொல்லி யாராவது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. தாய்ப்பால் வழியாகப் போவது மிகச் சிறிதளவுதான், குழந்தைக்கு ஒன்றும் செய்யாது. ஆறு வாரம் கழித்து மறுபடி டிஎஸ்எச் பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடுவதும் அதே ஆறாவது வாரத்தில்தான். ஊசி போட்டுவிட்டு வரும் வழியில் அம்மாவும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.